மழை குன்றியது, நகரம் மறைந்தது

மன்னர்களின் படையெடுப்புகளையும் முடிசூட்டு விழாக்களையுமே வரலாறு என்று பயின்று வந்தவர்கள் நாம். ஒரு நிலப்பகுதியின் பொருள்வளத்தையும் சமுதாய அமைப்பையும் ஆக்கவும் குலைக்கவும் வல்ல மற்றோர் ஆற்றலை நம் பாடநூல்கள் அதிகம் பேசியதில்லை. அதுவே மழை. சிந்துவெளி நகரங்களின் கதை இவ்வுண்மையை நன்கு விளக்குகிறது.

அரப்பாவில் 1921ஆம் ஆண்டிலும், மொகஞ்சதாரோவில் அதற்கடுத்த ஆண்டிலும் அகழாய்வுகள் தொடங்கின. 1924இல் சர் ஜான் மார்ஷல் இந்நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழ கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்திருந்த அந்நகரங்களில் நேரிய தெருக்களும் கழிவுநீர்க் கால்வாய்களும் இருந்தன. செங்கற்களின் உயரம், அகலம், நீளம் ஆகியவை 1:2:4 என்னும் விகிதத்தில் அமைந்தன. பஞ்சாப் முதல் குசராத் வரை எடைக்கற்கள் ஒரே முறையைப் பின்பற்றின. வணிகத் தொடர்பு மெசபொத்தேமியா வரை நீண்டது.

இத்தகைய நகரங்கள் மறைந்தது ஏன்? படையெடுப்பே காரணம் என்று மார்ட்டிமர் வீலர் ஒருகால் கருதினார். பெரும்போருக்குத் தக்க சான்று கிட்டாமையால் அக்கருத்து வலுவிழந்தது. வெள்ளம், ஆறுகளின் தடமாற்றம், வணிகத் தளர்ச்சி எனப் பல காரணங்களை அறிஞர் கூறுவர். அவற்றுள் இன்று முன்னிற்பது பருவமழையின் தளர்ச்சியாகும். மேகாலயாவின் மாவ்ம்லு குகையில் சொட்டுநீரால் வளர்ந்த சுண்ணாம்புப் படிவம் ஒன்று, பண்டை மழையின் கணக்கை அடுக்கடுக்காகத் தன்னுள் பொதிந்து வைத்திருந்தது. சுமார் 4200 ஆண்டுகளுக்கு முன் மழை குன்றியதை அது காட்டிற்று. அச்சான்றைக் கொண்டே, அன்று முதல் இன்று வரையுள்ள காலத்துக்கு நிலவியல் அறிஞர்கள் 2018இல் 'மேகாலயக் காலம்' என்று பெயரிட்டனர். அரியானாவின் கோட்லா தாகர் என்னும் பண்டைய ஏரியில் கிடைத்த நத்தை ஓடுகளும் ஏறத்தாழ அதே கதையைச் சொல்கின்றன.

மழை குன்றியதும் மக்கள் மாண்டொழிந்தனர் என்று எண்ணுதல் பிழை. அவர்கள் வாழ்வை மாற்றிக் கொண்டனர். வறண்ட கட்சுப் பகுதியின் தோலவிராவில், பருவ ஓடைகளைத் தடுத்துப் பெருந்தேக்கங்களில் நீரைச் சேமிக்கும் கலையை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர். அந்நகரும் இறுதியில் சுருங்கிற்று. கோதுமை, வாற்கோதுமையோடு, குறைந்த நீரில் விளையும் சிறுதானியங்களைப் பல இடங்களில் நாடினர். பலர் கிழக்கே கங்கை யமுனைச் சமவெளி நோக்கி நகர்ந்தனர். பேரூர்கள் வெறுமையாயின, சிற்றூர்கள் பெருகின.

சிற்றூரின் விளைச்சல் சிற்றூருக்கே சரியாயிற்று. நகரத்தைத் தாங்கிய உபரி இல்லை. உபரி இல்லாதபோது தொலைதூர வணிகம் இல்லை. வணிகம் குன்றவே பொது எடைக்கல்லும் முத்திரையும் வேண்டாதவையாயின. முத்திரையோடு எழுத்தும் மறைந்தது. உயிர் பிழைத்தது, ஏடு பிழைக்கவில்லை. கோப்புகளோடு நாள்தோறும் உறவாடும் நம்மனோர்க்கு இது நெஞ்சைத் தொடும் செய்தியன்றோ? அவ்வெழுத்தை ஐயமறப் படித்தவர் இன்றுவரை இலர்.

அந்நாகரிகத்தின் பேரூர்களுள் ஒன்றான ராக்கிகடி, தலைநகர் தில்லியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இன்று அவ்வட்டாரமெங்கும் வயல்கள் பசுமையாக உள்ளன. ஆயினும் அப்பசுமையில் பெரும்பங்கு ஆழ்துளைக் கிணறுகள் தந்தது. நிலத்தடி நீர் இறங்குவது கண்டு, கோடையின் உச்சத்தில் நெல் நடுவதைத் தடுக்கப் பஞ்சாபும் அரியானாவும் 2009இல் சட்டம் இயற்ற நேர்ந்தது. இப்போது புவி வெப்பமும் உயர்ந்து வருகிறது. பருவமழை முன்போல் சீராகப் பெய்யும் என்று நம்பியிருத்தல் இயலாது.

பணி நாடித் தலைநகர் வந்த நமக்கு இடப்பெயர்வு புதிதன்று. ஆயின் மாத ஊதியத்தை நம்பி ஊர்விட்டு வருதல் வேறு. கிணறு வற்றி ஊர்விட்டு வருதல் வேறு. பின்னவரைத் தலைநகரின் கட்டடப் பணியிடங்களில் நாம் காண்கிறோம். நிலமற்ற உழவுத் தொழிலாளியே முதலில் மூட்டை கட்டுகிறான். அன்று மழை பொய்த்தபோது கிழக்கே குடியேற இடமிருந்தது. இன்று அங்கும் மக்கள் நிறைந்துள்ளனர். ஆதலின் இருக்கும் இடத்திலேயே நீரைக் காத்தலும், நீருக்கேற்ற பயிரைத் தேர்தலும், அதற்குரிய விலையை உழவனுக்கு உறுதி செய்தலும் நம் தலைமுறையின் கடமை.