விளையாட்டு ரயிலுக்கு 12 வோல்ட், சுவரில் 240: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

செனாய் வட்டாரம் வழியாகச் செல்லும் கெமாஸ் - ஜொகூர் பாரு மின்ரயில் பாதையின் மேல்கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதன் பக்கம் போகக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். வீட்டில் ஓடும் விளையாட்டு ரயிலைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை.

ஆபத்து எங்கே?

சிறிய தண்டவாளத்தில் ஓடும் பல மாதிரி ரயில்களுக்கு 12 வோல்ட் போதும். சுவர் சாக்கெட்டில் இருப்பதோ சுமார் 240 வோல்ட். இரண்டுக்கும் நடுவே அதைக் குறைத்துத் தருவது அடாப்டர். அதன் உள்ளே 240 வோல்ட் பக்கமும் ரயில் பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் காப்பிடப்பட்டிருக்கும். ஈரம் இறங்கினாலோ, உறை உடைந்தாலோ, தரமற்ற தயாரிப்பாக இருந்தாலோ அந்தக் காப்பு கெடலாம். அப்போது பிள்ளை தொடும் தண்டவாளத்திற்கே வீட்டு மின்சாரம் வந்துவிடும்.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வீட்டு மின்சாரத்திலேயே விளையாட்டு ரயில்கள் ஓடின. மார்க்லின் நிறுவனம் 1926இல் 20 வோல்ட் முறைக்கு மாறியது.

வாங்கும்போது

* பொம்மைப் பெட்டியில் மலேசியத் தர இணக்கத்தைக் காட்டும் 'எம்சி' குறி இருக்க வேண்டும்.
* அடாப்டரில் சிரிம் ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள்.
* அடாப்டர் பழுதானால் அதே வோல்ட், அதே வகை மின்சாரம் தரும் அடாப்டரையே வாங்குங்கள். துளையில் பொருந்துகிறது என்பது மட்டும் போதாது.

பேனா வேண்டாம்

இரண்டு முனை பிளக்கைச் செருக, சாக்கெட்டின் மேல்துளையில் பேனாவையோ குச்சியையோ நுழைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கீழே உள்ள இரு துளைகளையும் மூடியிருக்கும் பாதுகாப்புத் திரை அதனால் திறந்துவிடுகிறது. அப்பா செய்வதைப் பார்க்கும் பிள்ளை நாளை ஆணியை எடுத்துக்கொண்டு வரும். ரயிலுக்கு மூன்று முனை பிளக் உள்ள அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

விளையாடும்போது

* சுவரில் பிளக்கைச் செருகுவதும் கழற்றுவதும் பெரியவர் வேலை.
* தண்டவாளத்தை ஈரமில்லாத தரையில் அமையுங்கள். வாசலிலும் குளியலறைப் பக்கமும் வேண்டாம்.
* அடாப்டரைத் துணி, மெத்தையால் மூடாதீர்கள். சுடுகிறது, வாடை வருகிறது என்றால் உடனே சுவிட்சை அடையுங்கள்.
* விளையாடி முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

மெயின் பெட்டியில் மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருக்கும். அதன் 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்காவிட்டால் உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். பழைய தோட்ட வீடுகளில் அந்தக் கருவி இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

மின்சாரம் தாக்கினால்

பிள்ளையைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் சுவிட்சை அல்லது மெயினை அடையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் கம்பாலோ வயரைத் தள்ளிவிட்டு, 999ஐ அழையுங்கள். பிள்ளை எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.