முந்திப் பழுக்கும் தக்காளியும் கொழும்பின் மழையும்

முந்திப் பழுக்கும் தக்காளி இனங்களைத் தேடும் வழக்கம் உறைபனி விழும் நாடுகளில் தொடங்கியது. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து பரவிய ‘ஏர்லியானா’, குறுகிய கோடைக்குள் பழம் பறிக்கும் தேவையால் பெயர் பெற்றது. 1914இல் புளோரிடாவில், சில பூங்கொத்துகள் விட்டதும் தானாகவே வளர்ச்சியை நிறுத்திய செடியொன்று கிடைத்தது. அதன் இயல்பு சேர்ந்த குட்டை இனங்கள் பந்தல் கேட்பதில்லை. பழங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுக்கும்.

கொழும்பில் உறைபனி இல்லை. இங்கே அவசரப்படுத்துவது மழை. ஒக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்க்கும் மழை ஏப்ரலில் மீண்டும் வலுத்து, மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்றோடு சேரும். இடையில் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் வெயில் ஓரளவு நிலைக்கும். இரவு வெப்பமும் மார்கழி, தை மாதங்களில்தான் 22 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். மே மாதத்தில் 25 பாகையைத் தாண்டும். வெக்கையான இரவுகளில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். ஆகவே நட்டு 60 நாட்களில் பழுக்கும் இனம் இந்த இடைவெளிக்குள் விளைந்து முடியும். 80 நாள் இனத்தின் கடைசிப் பறிப்புகள் மழையில் அகப்பட்டு வெடிக்கும்.

ஆனால் கொழும்பில் தக்காளியின் பெரிய எதிரி மண்ணுக்குள் இருந்தது. பச்சையாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமலே துவண்டு சாகும் பக்டீரியா வாடலை 1896இல் எர்வின் ஸ்மித் விவரித்தார். ஈரமும் வெப்பமும் சேர்ந்த தென்மேல் கரையோரம் அதற்கு நல்ல வாழிடம். இலங்கையில் நெடுங்காலம் சிபாரிசு செய்யப்பட்ட ‘மார்குளோப்’ 1925இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட இனம். அது பூஞ்சண வாடலைத் தாங்கியது, பக்டீரியாவிடம் தோற்றது. வெளிநாட்டு விதைப் பொதியில் எழுதிய ‘வாடல் எதிர்ப்பு’ இங்கே போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இனம் இல்லை. 1912இல் நிறுவப்பட்ட இலங்கை விவசாயத் திணைக்களம் பின்னாளில் கட்டுகஸ்தோட்டையின் பெயர் தாங்கிய வாடல் எதிர்ப்பு இனமான கே.டபிள்யூ.ஆர்., பிறகு திலின, ரவி முதலிய இனங்களைச் சிபாரிசு செய்தது. 1971இல் தாய்வானில் தொடங்கிய மரக்கறி ஆராய்ச்சி நிலையமும் வெப்பத்தையும் வாடலையும் ஒருசேரத் தாங்கும் வரிசைகளை வளர்த்தது.

நகரத்து வீட்டுத்தோட்டம் பெரும்பாலும் நெருக்கடிகளில்தான் பெருகியது. 1942இல் பர்மா அரிசி நின்றபோது, விவசாய அமைச்சர் டி. எஸ். சேனநாயக்கவின் காலத்தில், உணவுப் பயிர்ச்செய்கைக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடும் கொல்லைகளைப் பயன்படவைத்தது. அப்போது வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் மணற்பாங்கான வளவுகள் இருந்தன. கொட்டாஞ்சேனையில் கபுக்கல் மண். தமிழருக்கு எதிரான 1983 கலவரத்தில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன, குடும்பங்கள் புலம்பெயர்ந்தன. அடுத்த பத்தாண்டிலிருந்து அந்த வளவுகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. அந்த இழப்பின் முன் தோட்டம் சிறிய விடயம்தான். ஆயினும் மண்ணும் அதோடு போயிற்று.

மிஞ்சியது மொட்டைமாடியும் பல்கனியும். சாடியிலோ சீமெந்துப் பையிலோ புது மண் நிரப்பினால் வாடல் நோய் குறையும். குறைந்த வேர் இடத்துக்குக் குட்டை இனமே பொருந்தும். 2021இல் இரசாயனப் பசளைத் தடை, 2022இல் பொருளாதார வீழ்ச்சி என்பன மாடித்தோட்டத்தை மறுபடி தேவையாக்கின. 2022 ஜூனில் அரச ஊழியருக்கு உணவு பயிரிட வெள்ளிக்கிழமை விடுமுறை அனுமதிக்கப்பட்டது. ஜூன், கொழும்பில் கீரைக்கும் வெண்டிக்கும் உகந்தது. தக்காளிக்கு நவம்பரில் நாற்றுப் போட்டு, டிசெம்பரில் நட வேண்டும்.