கோபுரம் இல்லாத கோவில்கள்

திருமங்கலம், வத்தலக்குண்டு வட்டாரங்களில் நிற்கும் பழைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்கள் சிலவற்றைப் பார்த்தால் பள்ளிக்கூடம் என்றே தோன்றும். நீளவாக்கில் ஒரே கூடம், சுண்ணாம்பு பூசிய கனத்த சுவர், இருபுறமும் வரிசையாக ஜன்னல்கள். கையில் பணமில்லாமல் எளிமையாய்க் கட்டிவிட்டார்கள் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனில் காங்கிரிகேஷனல் மரபே ஓங்கியிருந்தது. அந்த மரபில் பேராயர் கிடையாது. விசுவாசிகள் கூடினால் அதுவே திருச்சபை. கட்டடம், அவர்கள் கூடி வசனம் கேட்பதற்கான இடம் மட்டுமே. ஆகவே கண் முதலில் போய் விழுவது பிரசங்க பீடத்தின் மேல். வார நாட்களில் அதே கூடத்தில் பிள்ளைகள் பாய் விரித்து அரிச்சுவடி படித்த ஊர்களும் உண்டு. 1853இல் எட்வர்ட் வெப் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றியதும் இந்த மிஷனில்தான். ராகம் போட்டுச் சபையே சேர்ந்து பாடும் அந்தப் பாட்டுக்கு விண்ணை முட்டும் கூரை எதற்கு?

வறுமைதான் காரணம் என்றால் மெஞ்ஞானபுரத்துக்கு என்ன பதில்? பனையேறிகளின் தேரிக்காட்டில், ஆங்கிலிக்கன் மிஷனைச் சேர்ந்த ஜான் தாமஸ் எழுப்பிய பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி உயரம். செழிப்பான சீமை அல்ல அது. கோபுரம் வேண்டும் என்று நினைத்தவர்கள் அங்கேயும் கட்டினார்கள்.

இந்த எளிமையும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானதுதானே என்று கேட்கலாம். விதை அங்கிருந்து வந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1855இல் பாஸ்டனிலிருந்து மதுரைக்கு வந்த மிஷன் சங்கச் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன், உள்ளூர்ச் சபைகள் உள்ளூர்ப் போதகரோடு சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற கொள்கையுடையவர். தமிழ்ச் சபைகளில் அதற்கு வழி செய்ததில் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்தார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கையை நம்பிய சபைக்கு, தானே வெள்ளையடித்து, ஓடு மாற்றிக்கொள்ளக்கூடிய கூடம்தான் உண்மையில் சொந்தக் கோவில்.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் மரபும் இந்த மரபும் ஒரே குடைக்கீழ் வந்தன. இப்போது கோபுரம் வைத்துப் புதிதாகக் கட்ட ஆசைப்படும் சபைகளைக் குறை சொல்ல மாட்டேன். இடிக்கும் முன், பீடம் எங்கே இருந்தது, ஜன்னல் எத்தனை, சுவரின் கனம் என்ன என்று அளந்து ஒரு வரைபடமாவது எடுத்து வைக்கட்டும்.