ஸ்குவயர் பேஸ் பிறந்த கதை

ஸ்குவயர் என்பது முதலில் கிட்டாருக்கு வைத்த பெயரல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் விக்டர் கேரல் ஸ்குவயர் 1890இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. வயலின் தந்திதான் அதன் சரக்கு. மின்கிட்டார் வந்தபின் அதற்கும் தந்தி செய்தது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் செய்த கிட்டார்களுக்கு அங்கிருந்து தந்தி போயிற்று. 1965இல் ஃபெண்டர் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. அடுத்த பத்தாண்டுகளில் பெயர் புழக்கத்திலிருந்து மறைந்தும் போனது. ஆனால் இன்று உலகெங்கும் எத்தனையோ பேருடைய முதல் பேஸ் கிட்டாரின் தலையில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. என்னுடையதிலும்.

அது எதன் நகல் என்று முதலில் சொல்ல வேண்டும். 1951 வரை இசைக்குழுவில் கீழ்ச்சுரம் வாசிப்பவர் ஆளுயர டபுள் பேஸைச் சுமந்துகொண்டுதான் ஊர் ஊராகப் போக வேண்டும். டிரம்ஸும் பித்தளைக் கருவிகளும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எடுபடாது. விரல் வைக்கும் இடத்தைப் பிரித்துக் காட்டும் உலோகக் கோடுகளான ஃப்ரெட் இல்லாததால் விரல் ஒரு நூல் விலகினாலும் சுருதி விலகும். லியோ ஃபெண்டர் கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ரேடியோ பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வந்தவர். அவர் அந்த ஆண்டு வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் பலகையை வெட்டிய உடல், மேப்பிள் கட்டையில் ஃப்ரெட் பதித்த கழுத்து, இரண்டையும் சேர்க்க நான்கு திருகுகள். தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். வயலின் மரபின் குடைவும் வளைவும் அதில் கிடையாது. ஒரு பாகம் கெட்டால் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டலாம். நல்ல எந்திரமும் பொறுமையும் உள்ள எந்தத் தொழிற்சாலையும் செய்யக்கூடிய கருவியாகவே அவர் அதை அமைத்தார். பின்னால் வந்த நல்ல நகல்களை அந்தக் கருவிக்கு இழைத்த துரோகமாக நான் பார்க்காததற்கு இதுவே காரணம். அதன் பிறப்பே அப்படி.

1957இல் பிரிசிஷனின் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்தை, இரண்டாகப் பிளந்தார்கள். கனத்த இரண்டு தந்திகளுக்கு ஒரு பாதி, மெல்லிய இரண்டுக்கு மறு பாதி. இரு பாதிகளின் காந்தமும் கம்பிச்சுற்றும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் மின்சார இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது, தந்தியின் ஒலி மட்டும் மிஞ்சுகிறது. டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் இத்தகைய 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் ஒன்றை வலக்கையின் ஒற்றை விரலால் மீட்டினார். பாட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு மெட்டு ஓடுவதை இளையராஜாவிடம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு ஜேமர்சன் அந்நியர் அல்லர்.

1965 தொடக்கத்தில் லியோ தம் நிறுவனத்தை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் நிறுவனத்திடம் விற்றார். ஒளிபரப்பிலும் இசைத்தட்டிலும் பெரிய பெயர் அது. உற்பத்தி பெருகியது, கவனம் குறைந்தது. 1970களில் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரிலும் இன்னொரு பேஸான ஜாஸ் பேஸிலும் கழுத்தைப் பிடித்திருந்த நான்கு திருகுகள் மூன்றாயின. பூச்சு தடித்தது, எடை கூடியது. அந்தக் காலத்தில் செய்தவற்றிலும் நல்லவை உண்டு; ஆனால் கடையில் எது நல்லது என்று தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. வாசிப்பவர்கள் பழையவற்றைத் தேடத் தொடங்கினார்கள், பழையவற்றின் விலை ஏறத் தொடங்கியது.

அதே பழையவற்றை ஜப்பானில் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். கான்டா ஷோகாய் நிறுவனத்தின் கிரெக்கோ, ஹமமட்சு நகரத்தின் டோக்காய், இன்னும் ஃபெர்னாண்டஸ் என்று பல பெயர்களில் நகல்கள் வந்தன. டோக்காய் தன் பிரிசிஷன் நகலுக்கு ஹார்டு பஞ்சர் என்று பெயரிட்டது. ஜப்பானின் ஐபனெஸ் கிட்டார்களின் தலை வடிவம் தங்களுடையதைப் போல இருக்கிறது என்று அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின் 1977இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது; விவகாரம் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கு ஃபெண்டர் நகல்களைப் பற்றியதல்ல. ஆனாலும் அக்காலத்து ஜப்பானிய நகல்களை எல்லாம் இன்றுவரை ‘வழக்குக் காலத்துக் கிட்டார்கள்’ என்றுதான் சேகரிப்பவர்கள் அழைக்கிறார்கள். பத்தாண்டுகளில் நகலின் கைப்பக்குவம் கூடிக்கொண்டே போக, மூலத்தினுடையது இறங்கிக்கொண்டே வந்தது. 1980 வாக்கில் இரண்டும் நேருக்கு நேர் நின்றன.

1981இல் ஃபெண்டரின் பொறுப்பை பில் ஷுல்ட்ஸ் ஏற்றார். யமஹாவில் இருந்தவர், ஆகவே ஜப்பானியத் தொழிற்சாலைகளை நன்றாக அறிந்தவர். நகலெடுப்பவரை விரட்டுவதைவிடக் கூட்டாளியாக்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. 1982 மார்ச்சில் ஃபெண்டர், கான்டா ஷோகாய், யமனோ காக்கி மூன்றும் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கின. கான்டா ஷோகாய் கிரெக்கோ பெயரில் ஃபெண்டர் நகல் செய்வதை நிறுத்த வேண்டும் என்பது உடன்பாட்டின் ஒரு பகுதி. கருவிகளைச் செய்யும் பொறுப்பு நாகானோ மாவட்டத்தின் மாட்சுமோட்டோ நகரில் இருந்த ஃபூஜிகென் தொழிற்சாலைக்குப் போனது. அதுவரை கிரெக்கோவைச் செய்துகொண்டிருந்ததும் அதே தொழிற்சாலைதான். நேற்றுவரை அனுமதியில்லாமல் செய்த கருவியை அவர்கள் இன்று அனுமதியோடு செய்தார்கள்.

இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் திருப்பம் இதுதான். ஃபுல்லர்டனிலேயே பழைய மாதிரிகளை மறுபடி செய்ய விரும்பியபோது, ஃபெண்டர்காரர்கள் தங்கள் பழைய கிட்டார்களை வெளியே விலைக்கு வாங்கித்தான் அளவெடுத்தார்கள். மாட்சுமோட்டோவிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து, தாங்கள் செய்யப் போராடிக்கொண்டிருந்ததை இவர்கள் செய்து முடித்துவிட்டார்களே என்று அவர்கள் கலங்கிப்போனதாக அந்த நிறுவனத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சொந்த வீட்டில் மறந்துபோனதை அயலூரில் பாதுகாத்து வைத்திருந்தார்கள்.

ஐரோப்பாவுக்கு விலை குறைந்த கருவி வேண்டும், ஆனால் அமெரிக்கத் தயாரிப்போடு அது மோதக் கூடாது. அதற்காகத்தான் தூங்கிக்கிடந்த தந்திக் கம்பெனியின் பெயர் எழுப்பப்பட்டது. முதலில் வந்தவற்றின் தலையில் ஃபெண்டர் பெரிதாகவும் ஸ்குவயர் சிறிதாகவும் இருந்தன. விரைவில் ஸ்குவயர் பெரிதாயிற்று. 1957, 1962ஆம் ஆண்டு மாதிரிப் பிரிசிஷன்களும் 1962 மாதிரி ஜாஸ் பேஸும் அவற்றில் உண்டு. வரிசை எண் ஜேவி என்று தொடங்கும். இன்று அந்த ஜேவி பேஸ்களையே சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 1960களின் மூலக் கருவிகளோ பல லட்ச ரூபாய்ப் பொருளாகிவிட்டன. மூலவர் கருவறைக்குள் இருக்க, வீதிக்கு வருபவர் உற்சவர்தான்.

1985இல் ஷுல்ட்ஸும் கூட்டாளிகளும் சிபிஎஸ்ஸிடமிருந்து ஃபெண்டரை 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. அமெரிக்காவில் புதிய தொழிற்சாலை நிலைபெறும் வரை நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தவை ஜப்பானில் செய்தவை. அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் கூடி டாலரின் மதிப்பைக் குறைக்க உடன்பட்டன. டாலருக்குச் சுமார் 240 யென் என்றிருந்தது மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியானது. ஜப்பானியப் பொருள் மலிவாக இருந்த காலம் முடிந்தது. ஸ்குவயர் கொரியாவுக்குப் போனது. சிறிது காலம் இந்தியாவிலும் ஸ்குவயர் கிட்டார்கள் செய்யப்பட்டன. பிறகு சீனா, இந்தோனேசியா. 2008இல் வந்த கிளாசிக் வைப் வரிசை மீண்டும் பழைய மாதிரிகளைக் கவனமாகப் பார்த்துச் செய்தது. என்னிடம் இருப்பது அந்த வரிசைப் பிரிசிஷன். அமெரிக்கத் தயாரிப்பின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது.

எங்கே சிக்கனம் பிடித்திருக்கிறார்கள் என்பது கைக்குத் தெரியும். மரம் விலை குறைந்தது. குமிழ்களைத் திருப்பினால் ஒலி சீராக இறங்காமல் திடுமெனச் சரியும். ஃப்ரெட் ஓரங்களைச் சில இடங்களில் இன்னும் இழைத்திருக்கலாம். ஆனால் 34 அங்குல நீளம், பிளந்த பிக்கப், அது உட்கார்ந்திருக்கும் இடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன, பிரிசிஷனின் குரல் பெரும்பாலும் அவற்றிலிருந்துதான் வருகிறது. டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து, பிக்கப்புக்கு மேலே விரலை வைத்து மீட்டினால் அந்தத் தடித்த, மூச்சுப் பிடித்த ஒலி வந்துவிடும். ஜேமர்சன் பயன்படுத்தியது தட்டையான நாடா சுற்றிய கனத்த தந்தி. அந்த வகைத் தந்தியைப் போட்ட பிறகு என் பேஸ் இன்னும் நெருங்கி வந்தது.

இப்படி ஒன்றை வாங்குகிறவர்கள் முதலில் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி நேராக்கி, தந்தியின் உயரத்தைச் சரிசெய்து கொள்ளட்டும்; மழைக்காலத்தில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். விலை உயர்ந்த பிக்கப் வாங்கி மாட்ட அவசரம் வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல ஆம்ப்புக்குப் போடுங்கள். கனத்த ஈ தந்தியின் அதிர்வு நொடிக்கு 41 தான். சின்னப் பயிற்சி ஆம்ப்பின் ஒலிபெருக்கியால் அதை எட்டவே முடியாது. பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கியில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.