ஏற்றுமதித் தாள்களின் ஒழுங்கு

கடல் கடந்து செல்லும் சரக்குக்குக் கப்பல் மட்டும் போதாது. விலைப்பட்டியல், கப்பல் ரசீது, சுங்கத் தாள், பிறப்பிடச் சான்று எனப் பத்திரங்கள் பலவும் வேண்டும். முன்னாளில் அவை வெவ்வேறு அளவிலும் அமைப்பிலும் இருந்தன. ஏற்றுமதியாளர் பெயரையும் பொதிகளின் எண்ணிக்கையையும் எழுத்தர் ஒவ்வொன்றிலும் மீண்டும் மீண்டும் தட்டச்சுச் செய்தார். ஓரிடத்தில் எண் பிறழ்ந்தாலும் வங்கி பணம் தர மறுக்கலாம். சரக்கு துறைமுகத்திலேயே தேங்கலாம்.

இவ்விடரைக் களைய ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1963-இல் பொது அமைப்பொன்றை வகுத்தது. எந்தத் தாளாயினும் ஏற்றுமதியாளர் பெயர் இடப்புற மேல்மூலையில். பெறுநர் பெயர் அதன் கீழே. எனவே, ஒருமுறை தட்டச்சிட்ட மூலத்தாளிலிருந்தே பல பத்திரங்களைப் படியெடுக்கலாயினர். பின்னாளில் அதுவே ஐக்கிய நாடுகளின் பொது அமைப்பாயிற்று.

அரசர்களின் உடன்படிக்கைகளோடு இச்சிறு உடன்பாட்டையும் வரலாற்றில் சேர்த்தே நான் எண்ணுகிறேன்.