தொழிற்சாலை மேற்பூச்சும் வரலாற்றுச் சான்றும்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் கார்புரேட்டர்களின் மீட்டமைப்பு

முன்னுரை

காற்றையும் பெட்ரோலையும் உரிய அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி கார்புரேட்டர். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மீட்டமைப்போர் அதன் செயலைச் சீராக்குவதில் பெரிதும் கருத்து வேறுபடுவதில்லை. அதன் தோற்றத்தைத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குக் கொண்டுவருதல் என்னும் குறிக்கோளே விவாதத்திற்குரியது. உலோகத்தின் இயல்பான குறை ஒன்றுக்குத் தொழிற்சாலை கண்ட தீர்வின் பதிவாக அம்மேற்பூச்சு அமைகிறது. எனவே அதனைப் புதுப்பித்தல் வரலாற்று ஆவணம் ஒன்றைத் திருத்தி எழுதுதலுக்கு ஒப்பாகும் என இக்கட்டுரை வாதிடுகிறது. அமெரிக்க ஹோலி கார்புரேட்டர் முதன்மைச் சான்றாகவும், ஆங்கிலேய எஸ்.யூ. கார்புரேட்டர் ஒப்பீடாகவும் கொள்ளப்படுகின்றன.

உலோகமும் நிறமும்

துத்தநாகத்தை உருக்கி, அழுத்தத்துடன் எஃகு அச்சில் செலுத்தி வார்க்கும் முறை, நுண்ணிய துளைகள் நிறைந்த கார்புரேட்டருக்கு ஏற்றது. எனினும் தொடக்ககால வார்ப்புகளில் கலந்திருந்த ஈயம் முதலிய மாசுகளால் அவை உள்ளிருந்தே அரிக்கப்பட்டு வெடித்தன. நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் 1929இல் உருவாக்கிய ஜமாக் கலப்புலோகம், 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தைப் பயன்படுத்தி இக்குறையைப் போக்கியது. ஆயினும் ஈரம் படிந்தால் வெண்துரு பிடிக்கும் இயல்பு எஞ்சியது. அதே நிறுவனம் 1936இல் காப்புரிமை பெற்ற குரோனாக் முறையில், துத்தநாகப் பொருள் கந்தக அமிலம் சேர்ந்த சோடியம் டைகுரோமேட் கரைசலில் சில நொடிகள் அமிழ்த்தப்பட்டது. இதனால் உருவான மெல்லிய படலமே மஞ்சளும் வானவில் சாயலும் கலந்த நிறத்திற்குக் காரணம்.

1957ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டில் அறிமுகமான ஹோலி 4150, 1967ஆம் ஆண்டு செவ்ரொலே கார்வெட்டின் 435 குதிரைத்திறன் எஞ்சினில் வரிசையாக அமைந்த மூன்று ஹோலி கார்புரேட்டர்கள் ஆகியவற்றின் உடற்பகுதிகள் இம்மரபைச் சார்ந்தவை. மாறாக, 1961இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப்பின் மூன்று எஸ்.யூ. எச்.டி.8 கார்புரேட்டர்கள் அலுமினிய உடல் கொண்டவை. அலுமினியம் தன் ஆக்சைடு படலத்தாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும். ஒன்றன் பொன்னிறமும் மற்றொன்றன் வெண்சாம்பல் நிறமும் உலோக வேறுபாட்டின் விளைவுகளே.

மிகை மீட்டமைப்பு

படலத்தின் நிறம், அமிழ்த்திய நேரம், கரைசலின் அமிலத்தன்மை, கலப்புலோகத்தின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்து மாறுபடும். ஆகவே பெருமளவு உற்பத்தியில் எல்லா உறுப்புகளும் ஒரே நிறத்தில் அமைந்திருக்கும் என எதிர்பார்க்க இயலாது. மேலும், ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் படலம் நீரிழந்து நுண்வெடிப்புறும். எஞ்சின் வெப்பத்தில் பல்லாண்டு இருந்த கார்புரேட்டர் மங்கித் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மங்கிய நிறத்தைப் புதுப்பிக்க முனைவோர் பலர் கண்ணாடி மணிகளை வீசித் தூய்மை செய்கின்றனர். அச்சுவார்ப்பின் வெளித்தோல் அடர்த்தியானது. உட்பகுதி நுண்துளைகள் உடையது. வெளித்தோல் தேய்ந்தால் தோற்றமும் மாறும். அரிப்பைத் தாங்கும் திறனும் குறையும். துத்தநாகம் வன்அமிலம், வன்காரம் இரண்டிலும் கரையும் என்பதால் வேதிக் குளியலும் இடருடையதே. காற்றுவாயிலில் பொறிக்கப்பட்ட பட்டியல் எண், தேதிக்குறி ஆகியவற்றின் விளிம்புகள் மழுங்கினால், அக்கருவி எந்தக் காருக்கு, எக்காலத்தில் செய்யப்பட்டது என்பதற்கான சான்றே நலிவுறும்.

மூலநிறத்தை அறிவதற்கான நம்பத்தக்க இடம், வெளிச்சமும் ஈரமும் குறைவாகப் படும் கேஸ்கெட்டின் அடிப்பரப்பு. பிரித்தவுடன், தூய்மை செய்வதற்கு முன்பாகவே, அப்பரப்பை நிற அளவுகோலுடன் படமெடுத்தல் முதற்பணியாதல் வேண்டும்.

நிறத்தின் விலை

மூலப் படலத்தின் நிறத்திற்கும், கீறலைத் தானே ஆற்றும் திறனுக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமே அடிப்படை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் இதன் சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பின் சோடியம் டைகுரோமேட்டைப் பயன்படுத்தத் தனி அனுமதி தேவை. மாற்றாக வந்த மூன்று இணைதிறன் குரோமியப் படலங்கள் பெரும்பாலும் நிறமற்றவை அல்லது வெளிர்நீலமானவை. மஞ்சள் தோற்றத்திற்குச் சாயம் சேர்க்கப்படுகிறது. சாயமிட்ட படலம் மூலத்தின் தோற்றத்தைத் தரலாம். மூலத்தின் தொழில்நுட்பத்தைத் தராது. இவ்வேறுபாட்டை எழுத்தில் பதியாது விட்டால் பிற்கால ஆய்வாளர் பிழையான முடிவுக்கு வருவர்.

முடிவுரை

1974இல் தோன்றிய அமெரிக்கத் தேசியக் கார்வெட் மீட்டமைப்பாளர் சங்கம், காரைத் தொழிற்சாலை நிலையுடன் ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமோ, ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என வரையறுத்தது. பழங்கால வாகனங்களுக்கான தூரின் சாசனம் அதன் வழிவந்தது. முன்னது முழுமையை வேண்டுகிறது; பின்னது வரம்பை வேண்டுகிறது. கேஸ்கெட்டின் அடியில் மூலப்படலம் எஞ்சியிருக்கும் கார்புரேட்டரை மென்மையாகத் தூய்மை செய்து அந்நிலையிலேயே காத்தலும், படலம் முற்றும் அழிந்ததைப் புதுப்பித்து, பயன்படுத்திய முறையைப் பதிதலும் இவ்விரண்டையும் இணைக்கும் நெறியாகும். மேற்பூச்சை ஒருமுறை கரைத்தபின் அதனிடம் மீண்டும் வினவ இயலாது.