வெக்கை நோயும் மாட்டின் குலமும்

பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் என்று நம் மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். அப்பெயரின் முற்பாதியில் நிற்கும் மாட்டை எவரும் நினைப்பதில்லை. 'பட்டி' தமிழிலும் சிங்களத்திலும் மாட்டோடு உறவுடைய சொல். அண்டையிலுள்ள அம்பேவெலப் பண்ணையில் ஐரோப்பியக் கறவை மாடுகள் மேய்கின்றன. தோட்டங்களிலோ, லயத்தின் பின்புறம் ஒரு பசுவைக் கட்டி, பாலை விற்று, சாணத்தை மரக்கறிப் பாத்திக்கு இட்டு, போதாத கூலியை ஈடுகட்டும் குடும்பங்கள் உண்டு. மலையகத்தின் சரித்திரத்தைக் கோப்பியிலும் தேயிலையிலும் மட்டுமே தேடும் நாம் இந்த மாட்டை மறந்துவிட்டோம்.

1867இல் கண்டிக்குப் புகைவண்டி வரும்வரை கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளிலேயே கொழும்புக்கு இறங்கின. வெக்கை நோய் பரவி வண்டி மாடுகள் மாண்டபோது துரைமாருக்கு அது போக்குவரத்துத் தடங்கல். வண்டிக்காரனுக்குப் பிழைப்பே போயிற்று. காய்ச்சல், வாய்ப்புண், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, பிறகு கடுங்கழிச்சல். உடலின் நீர் வற்றிச் சில நாட்களில் மாடு சாயும். மனிதருக்குச் சின்னமுத்து தரும் வைரஸின் நெருங்கிய உறவே இந்நோயின் வைரஸ்.

வைரஸ் ஒன்றுதான், நோயின் போக்கு எல்லா மாட்டிலும் ஒன்றல்ல. இந்தியாவின் முக்தேசர் ஆய்வுகூடத்தில் 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் இவ்வைரஸை ஆட்டுக்கு ஆடு மாற்றிச் செலுத்தி வலுக்குறைத்தார். அத்தடுப்பூசி சமவெளியின் திமில் மாடுகளுக்குச் சிறு காய்ச்சலோடு நீண்டகாலக் காப்பளித்தது. அதே ஊசி ஐரோப்பிய மாட்டையும் கலப்பினத்தையும் கடுமையாக வாட்டியது. சில மாண்டும் போயின. எந்த மாட்டைத் 'தரங்கெட்ட நாட்டு மாடு' என்று ஏளனம் செய்தார்களோ அது எழுந்து மேயப் போயிற்று!

இதைக் கேட்டவுடன் நாட்டு மாட்டின் தெய்வீகம் பேசப் புறப்படுவோர் சற்றுப் பொறுக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலும் திமில் மாடுகள் இருந்தன. 1880களின் இறுதியில் வெக்கை அங்கு புகுந்தபோது அவை மந்தை மந்தையாக அழிந்தன. எத்தியோப்பியாவில் உழவு நின்று, 1888 முதல் 1892 வரை மக்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். அம்மந்தைகளுக்கு நோய் புதிது. இந்தியச் சமவெளியிலோ அது நெடுங்காலம் இருந்தது; நோயில் நலிந்த குலங்கள் மறைய, தாங்கியவை கன்று ஈன்றன. பரம்பரையில் பதிந்த அந்த உறுதிக்கு விலை கொடுத்தவன், தலைமுறைதோறும் ஏர்மாட்டை இழந்த குடியானவனே. அதுவும் முழுக் கவசமல்ல. பின்னும் மாடுகள் செத்துக்கொண்டுதான் இருந்தன.

எந்தக் குலத்துக்கும் ஏற்ற தடுப்பூசியைக் கென்யாவில் வால்டர் பிளவ்ரைட்டின் குழு உயிரணு வளர்ப்பில் உருவாக்கியது. ஆயினும் ஊசி இருந்தால் மட்டும் போதுமா? 1946 முதல் வெக்கையற்றிருந்த இலங்கைக்குள் 1987இல் நோய் மீண்டும் நுழைந்தது. இந்திய அமைதிப் படையின் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்பர். போரால் சிதைந்த வடகிழக்கில் அதை அடக்க 1994 வரை ஆயிற்று. 2011இல் உலகிலிருந்தே வெக்கை ஒழிந்ததாக அறிவித்தனர்.

லயத்தின் பின்புறம் நிற்கும் பசு இன்று பெரும்பாலும் கலப்பினம். பால் கூடுதல், புதிய நோய்க்கு இளைக்கும் உடலும் கூடவே வருகிறது. 2020இல் வடமாகாணத்தில் தோல் கழலை நோய் தலைகாட்டிற்று. அதுவும் வைரஸ் நோய். அதுவும் ஐரோப்பிய இரத்தம் ஓடும் மாட்டையே அதிகம் வாட்டுவது. பண்ணை மாட்டுக்கு மருத்துவர் அருகில் இருக்கிறார். லயத்துப் பசுவுக்காகக் கொழுந்து பறிப்பவள் ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்க வேண்டும்.